மறு: யூசர்நேமுக்குத் தமிழில் என்ன? (ஞாயிறுக்குள் வேண்டும்)

மஸ்கெலியா ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தரம் 9 கணினிக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் யூசர்நேமுக்கு எந்தத் தமிழ்ச் சொல்லைப் போடலாம் என்று கேட்டிருந்தேன். வந்த மடல்கள் எல்லாவற்றையும் பஸ்ஸில் வரும்போது படித்து முடித்தேன். ஒரு சேர் இப்படி எழுதியிருந்தார்:

> "பாவனையாளர் பெயர்" என்றே போடுங்கள். நம் நாட்டில் எல்லாருக்கும் பழகிய சொல்.

சேர், பழகிய சொல்தான், மறுக்கவில்லை. விக்கிப்பீடியாவில் புழங்குகிற "பயனர்" அதைவிடச் சுருக்கம். ஆனால் இரண்டுமே பாவிக்கிற ஆளைத்தான் சொல்கின்றன, அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதைச் சொல்லவில்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

போன கிழமை வகுப்பில் ஆளுக்கொரு பெயர் தெரிவு செய்யச் சொன்னேன். ஒரு பிள்ளை "நாலாம்நம்பர்மலை" என்று எழுதிக் கொடுத்தாள். அவளுடைய அம்மா கொழுந்து பறிக்கிற மலை. ஏன் உன் சொந்தப் பெயரை வைக்கவில்லை என்று கேட்டேன். "பேர்த்துண்டில ஒரு மாதிரி, ஸ்கூல் இடாப்புல ஒரு மாதிரி எழுதியிருக்கு டீச்சர், இதை யாரும் பிழையா எழுத மாட்டாங்க" என்றாள்.

அதைக் கேட்டபின் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. இலங்கை மலையகத் தோட்டத்து மக்களாகிய நம்மை எப்போதும் அடுத்தவர்தான் எழுதியிருக்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்குத் தோட்டத்தின் குறியும் ஆளின் எண்ணும் பொறித்த தகர வில்லை கொடுத்தார்கள். பிறகு தோட்டத்தின் வேலைப் பதிவேடான செக்ரோலில் கணக்கப்பிள்ளை எழுதியதுதான் பெயர். லெட்சுமி, லெச்சுமி, லக்ஷ்மி என்று மூன்று தாளில் மூன்று விதமாக இருக்கும். நம்மில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கிய 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, பத்திரத்தில் ஓர் எழுத்து மாறினாலும் என்ன பாடு என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் தெரியும். இந்தப் பிள்ளைகள் தாங்களே எழுதிக்கொள்ளும் முதல் பெயர் யூசர்நேம்தான்.

அதனால் "சூடுபெயர்" என்று வைக்கலாமா? பெற்றோர் பெயர் சூட்டுகிறார்கள், அது பிறவினை. பிள்ளை தானே சூடிக்கொள்கிறது, அது தன்வினை. பூவைச் சூடுவது போல. சூடிய, சூடுகிற, சூடும் பெயர் என்று மூன்று காலத்துக்கும் பொருந்துகிற வினைத்தொகை. இன்றைக்கு ஒன்று, நாளைக்கு வேறொன்று மாற்றிக்கொள்ளலாம் என்பதும் அதிலேயே அடங்கிவிடுகிறது.

நமக்கு இது புதிதும் அல்ல. சங்கப் புலவர்கள் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், குப்பைக் கோழியார், எல்லாம் பாட்டுக்குள்ளிருந்து எடுத்த பெயர்கள்தானே!

பதுளை சேர் எழுதியது:

டீச்சர், அந்தப் பிள்ளையின் பதிலை இரண்டு தரம் வாசித்தேன். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, செம்புலப்பெயனீரார் தனக்குத் தானே பெயர் வைத்துக்கொள்ளவில்லை. இயற்பெயர் தெரியாததால், பாட்டில் வந்த தொடரையே பிறகு பெயராக்கினார்கள். அதாவது அவருக்கும் அடுத்தவர்தான் பெயர் எழுதியது. உங்கள் சான்று உங்களுக்கே எதிராகத் திரும்புகிறது.

இரண்டாவது, "சூடு" என்றால் பிள்ளைக்கு முதலில் வருவது வெந்நீர். அடுத்தது மாட்டுக்குப் போடுகிற சூடு, அதுவும் அடுத்தவர் போடுகிற அடையாளம்தான். நீங்கள் தப்ப நினைத்த இடத்துக்கே அந்தச் சொல் திரும்பக் கொண்டுபோய் விடுகிறது. நன்னூல் வழியில் போவதானால் இடுகுறி, காரணம் என்று பார்த்து "இடுபெயர்" எனலாம். ஆனால் இடுவதும் பெரும்பாலும் பிறருக்கு இடுவதாகத்தான் தொனிக்கிறது, அதனால் அதையும் நான் வற்புறுத்தவில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். சாதாரண தரப் பரீட்சைத் தாளில் உங்கள் சொல் வராது. டவுன் பிள்ளைகளுக்கு டியூசனில் யாராவது சொல்லிக் கொடுப்பார்கள். தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், இருக்கிற பிள்ளைக்கு அந்தக் கையேடு மட்டும்தான். அதில் நாம் புதுச் சொல்லைப் போட்டுவிட்டு அந்தப் பிள்ளை பரீட்சையில் தடுமாறினால் யார் பொறுப்பு?

மஸ்கெலியா ஆசிரியை எழுதியது:

சேர், மூன்றாவதுக்கு என்னிடம் பதில் இல்லை. பரீட்சை என்று வந்தால் நான் பிடிவாதம் பிடிக்க முடியாது. புலவர் பெயர் விஷயத்திலும் நீங்கள் சொன்னதுதான் சரி. மாட்டுச் சூடு எனக்கு ஓடவே இல்லை.

கையேட்டில் "பயனர்பெயர்" என்று போட்டுவிட்டேன். எழுதியவர்களில் அதிகம் பேர் கடைசியில் அதற்குத்தான் சரி என்றீர்கள். பாவனையாளர் பக்கம் நிற்கும் இரண்டு பேர் மன்னிக்க வேண்டும், கட்டத்துக்குள் அந்தச் சொல் அடங்கவில்லை.

ஆனால் பயிற்சிப் பக்கத்தில் ஒரு கேள்வி சேர்த்திருக்கிறேன்: "நீ சூடிக்கொண்ட பெயர் எது? ஏன்?" பதிலுக்கு ஐந்து வரி இடம் விட்டிருக்கிறேன். அதை மட்டும் எடுக்கச் சொல்லாதீர்கள்.