பேருருவ டெரோசார்கள்: சிறகடித்துப் பறந்தவையா, தரையைவிட்டு எழ முடியாதவையா?

நிறைகோல்:
டைனோசர்களின் காலத்தில் வாழ்ந்த சிறகுள்ள ஊர்வனவாகிய டெரோசார்கள் தம் தசை வலிமையாலேயே பறந்தன என்று பாடநூல்கள் ஐயத்துக்கு இடமின்றி எழுதிவிடுகின்றன. காகத்தின் அளவிலிருந்த ஜுராசிக் கால இனங்களைப் பொறுத்தவரை எனக்கும் மறுப்பில்லை. என் கேள்வி, 1971இல் டெக்சாசின் பிக் பெண்ட் தேசியப் பூங்காவில் டக்ளஸ் லாசன் கண்டெடுத்து, 1975இல் உலகுக்கு அறிவித்த கெட்சால்கோட்லஸ் நார்த்ரோபி போன்ற பேருருக்களைப் பற்றியது. அதன் சிறகு விரிவு பத்து மீட்டருக்குக் குறையாது என்கிறார்கள். இன்று பறக்கும் பறவைகளில் மிக நீண்ட சிறகுடைய ஆல்பட்ராசுக்கே விரிவு மூன்றரை மீட்டர்தான். 2009இல் கட்சுஃபுமி சாட்டோவின் குழுவினர் கடற்பறவைகளின் உடலில் அசைவை அளக்கும் முடுக்கமானிகளைப் பொருத்தி, உடல் பெருக்கப் பெருக்கச் சிறகடிக்கும் வேகம் குறைவதை அளந்தனர். ஏறத்தாழ 40 கிலோவுக்கு மேற்பட்ட விலங்கு, சூழல் சாதகமாக இல்லாத நேரங்களில், சிறகடித்துத் தன்னைக் காற்றில் தாங்கிக்கொள்ள இயலாது என்பது அவர்கள் வந்தடைந்த முடிவு. அடுத்த ஆண்டே டொனால்டு ஹெண்டர்சன் கெட்சால்கோட்லசின் எடையை 544 கிலோ எனக் கணக்கிட்டு, அது பறக்கும் திறனை இழந்துவிட்ட விலங்காக இருக்கலாம் என்று எழுதினார். இத்தனைக்குப் பிறகும் அது பறந்தது என்று சொல்வோர், எப்படித் தரையைவிட்டு எழுந்தது என்பதை முதலில் விளக்க வேண்டும்.

என்புநோக்கி:
நிறைகோல் அவர்களே, தாங்கள் எடுத்துக்கொண்ட அளவுகோல் பறவையினுடையது. அளக்கப்படுவதோ பறவை அன்று. பறவை இரண்டு காலால் உந்தி எழுகிறது. எழுந்த பிறகு அந்தக் கால்கள் பறப்புக்கு உதவாத சுமையாகிவிடுகின்றன. உடல் பெரிதானால் காலும் தடிக்க வேண்டும், கால் தடித்தால் சிறகு சுமக்க வேண்டிய எடையும் ஏறும். இந்தச் சிக்கலே பறவையின் உடல் அளவுக்கு ஒரு வரம்பை இடுகிறது. டெரோசார்கள் நான்கு காலால் நடந்தவை என்பதற்குப் பல நாடுகளில் பாறையில் பதிந்த தடங்கள் சான்று. ஆகவே எழும்போதும் நான்கையும் பயன்படுத்தியிருக்கும் என்று 2008இல் மைக்கேல் ஹபீப் முன்வைத்த வாதம் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. பின்கால்கள் முதலில் உடலை மேல்நோக்கித் தூக்க, மடித்து ஊன்றிய முன்கைகள் கடைசி உந்தலைத் தர, அந்த உந்தலிலேயே சிறகு விரியத் தொடங்கும். வாம்பயர் வௌவால் இன்றும் தரையிலிருந்து இப்படி முன்கையை ஊன்றித்தான் துள்ளி எழுகிறது.

எலும்பைப் பாருங்கள். பெரிய டெரோசார்களின் மேற்கை எலும்பு தொடை எலும்பைவிட மிகவும் வலிமையானது. பறவைகளில் பெரும்பாலும் இந்த அளவுக்கு வேறுபாடு இருப்பதில்லை. எலும்பின் உட்புறம் காற்றறைகள். சுவரின் தடிமன் ஓரிரு மில்லிமீட்டர். தோளருகே, மேற்கை எலும்பின் தலைப்பகுதியில் அகன்ற ஒரு முகடு புடைத்து நிற்கிறது. சிறகைக் கீழே வீச்சிடும் மார்புத் தசை பற்றிக்கொள்ளும் இடம் அது. வெறுமனே சறுக்கி இறங்கும் விலங்குக்கு அவ்வளவு பெரிய பிடிமானம் எதற்கு? மரத்துக்கு மரம் சறுக்கும் பறக்கும் ஓணானின் உடலில் அதற்கு இணையாக எதுவும் இல்லை.

கடற்காகம்:
ஒரு சிறு குறிப்பு. இந்த ஐயம் புதிதன்று. 1914இல் ஹாங்கினும் வாட்சனும் டெரோசார்களைச் சிறகடிக்க வலுவற்றவையாகவே கண்டனர். 1974இல் பிராம்வெல்லும் விட்ஃபீல்டும் ஏழு மீட்டர் சிறகுள்ள டெரானடான் என்ற டெரோசாரை 17 கிலோவுக்கும் குறைவான, காற்றில் மிதந்து செல்லும் விலங்காகவே வரைந்தார்கள். கெவின் பாடியன் 1980களில் எழுதிய கட்டுரைகளுக்குப் பிறகே சிறகடித்துப் பறந்தவை என்ற கருத்து வலுப்பெற்றது. அக்காலத்தில் புவியீர்ப்பு குறைவாக இருந்தது என்று இணையத்தில் சுற்றும் கதையை யாரும் இங்கே இழுத்து வர வேண்டாம். அதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

நிறைகோல்:
என்புநோக்கி காட்டிய உறுப்புகள் எல்லாம் உண்மை. ஆனால் அவை மூதாதையரிடமிருந்து பெற்றவை. நெருப்புக்கோழிக்கும் சிறகு இருக்கிறது. அதை வைத்து அது பறக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. டெரோசார்கள் சுமார் 16 கோடி ஆண்டுகள் வாழ்ந்த குலம்; அவற்றுள் ஒரு கிளை, டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெட்டேசியசின் முடிவில், தரையில் நடந்தே இரை பொறுக்கும் வாழ்வுக்குத் திரும்பியிருந்தால் அதில் வியப்பென்ன? நான்கு கால் உந்தலும் கணக்கிலும் வரைபடத்திலும் உள்ளதே தவிர, எழும் தடம் எந்தப் பாறையிலும் கிடைக்கவில்லை. அதே பாடியன் உள்ளிட்ட குழுவினர் 2021இல் கெட்சால்கோட்லஸ் பின்கால்களால் துள்ளி எழுந்தது என்று எழுதியிருக்கிறார்கள். பறந்தது என்று நம்புவோரே எழுந்த முறையில் ஒன்றுபடவில்லை. 1986இல் பொறியாளர் பால் மெக்கிரெடி செய்து பறக்கவிட்ட கெட்சால்கோட்லசின் இயந்திர மாதிரியைச் சிலர் சான்றாகக் காட்டுவதுண்டு. அது பாதி அளவே உடையது, அளவு பாதியானால் எடை எட்டில் ஒன்றாகும் என்பதை மறந்துவிடக் கூடாது.

என்புநோக்கி:
நெருப்புக்கோழி எடுத்துக்காட்டு தங்களுக்கு எதிராகவே நிற்கிறது. பறப்பை விட்ட பறவையின் நெஞ்சு எலும்பில் முகடு தேய்ந்துபோகிறது, சிறகு எலும்புகள் சுருங்குகின்றன, தொடை பருக்கிறது. பேருருவ டெரோசாரில் இவற்றுள் எதுவும் நிகழவில்லை. சிறகு நீண்டபடியே இருக்கிறது, மேற்கையின் முகடு பெரிதாகவே இருக்கிறது. பயன்படாத உறுப்பை அவ்வளவு வலிமையாக வைத்துக்கொள்ளும் செலவை எந்த விலங்கும் தலைமுறை தலைமுறையாக ஏற்காது.

தடம் இல்லை என்கிறீர்கள். எழும் தடம் இல்லைதான். இறங்கிய தடம் இருக்கிறது. பிரான்சின் கிரேசாக்கில், ஜுராசிக் காலச் சேற்றில், ஒரு டெரோசாரின் இரண்டு பின்பாதங்களும் அருகருகே ஒருசேரப் பதிந்திருக்கின்றன; நகங்கள் சேற்றில் இழுபட்ட கோடுகள் தெரிகின்றன; அடுத்து ஒரு சிறு துள்ளல்; அதன் பின்னரே கைகளை ஊன்றி நான்கு காலால் நடந்து செல்கிறது. வேகத்தைக் காற்றிலேயே கொன்று, உடலை நிமிர்த்தி, பின்காலில் மெல்ல இறங்கத் தெரிந்த விலங்கு அது. சிறியதுதான், மறுக்கவில்லை, ஆனால் சறுக்குவதோடு நின்றுவிட்ட உடலுக்கு இத்தகைய கட்டுப்பாடு எளிதன்று.

பேருருவத்துக்கே வருகிறேன். ஜோர்தானில் கிடைத்த இரண்டு டெரோசார்களின் மேற்கை எலும்புகளை சிடி ஸ்கேன் செய்த ஆய்வு 2024இல் வெளியானது. பத்து மீட்டர் சிறகுடைய அரம்பூர்கியானியாவின் எலும்புக்குள்ளே சுருள் சுருளாக முகடுகள் ஓடுகின்றன. காற்றில் மிதக்கும் கழுகுகளின் எலும்பிலும் இதுவே காணப்படுகிறது. ஐந்து மீட்டர் சிறகுடைய இனப்தானினின் எலும்புக்குள்ளே குறுக்குத் தாங்கிகள். இது சிறகடிக்கும் பறவைகளின் அமைப்பு. பெரியது மிதக்கவும் சிறியது அடிக்கவும் ஏற்றவாறு எலும்பு தன்னை அமைத்துக்கொண்டிருக்கிறது. நடந்தே திரிந்த விலங்கின் சிறகெலும்பு, மிதக்கும் கழுகின் எலும்பைப்போல் முறுக்கு விசையைத் தாங்கும் சுருளை எதற்காக வளர்க்க வேண்டும்?

மிதந்தது என்றால் தன் வலிமையால் பறக்கவில்லை என்று பொருளாகாது. தென்னமெரிக்காவின் பெரிய பிணந்தின்னிப் பறவைகளான ஆண்டிய காண்டார்களில் கருவி பொருத்தி 2020இல் வெளியான ஆய்வில், அவை பறக்கும் நேரத்தில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு மட்டுமே சிறகடித்தன; ஒரு பறவை ஐந்து மணி நேரத்துக்கு மேல், 172 கிலோமீட்டர் தொலைவு, ஒரு முறைகூட அடிக்காமல் சென்றது. அடித்த அடிகளில் பெரும்பகுதி தரையிலிருந்து எழும் சில நொடிகளுக்கே செலவானது. காண்டாருக்குப் பறக்கும் திறன் இல்லை என்று எவரும் எழுதக் காணோம்.

நிறைகோல்:
காண்டாரின் எடை 15 கிலோ. அதைப் பல மடங்கு பெருக்கி, அதே கதை நடக்கும் என்பது எதிர்பார்ப்பு மட்டுமே. வெப்பக் காற்றில் ஏறுவதில் கெட்சால்கோட்லஸ் திறன் குறைந்தது என்று 2022இல் கோட்டோவின் குழுவும் கணித்திருக்கிறது. மேலும் நார்த்ரோபி என்று நாம் பேசுவதே ஒற்றை விலங்கின் இடச் சிறகிலிருந்து கிடைத்த சில எலும்புகளைப் பற்றித்தான். மற்ற உடல் முழுவதும் அதே பூங்காவில் கிடைத்த சிறிய இனத்தைப் பார்த்துப் பெருக்கி வரைந்தது. டெரோசார் ஆய்வாளர் மார்க் விட்டன் சொல்லும் 200 முதல் 250 கிலோ வரையான எடையும் அந்த வழியில் வந்ததே. எடை உறுதியாகாத வரை நான் ஏற்கப்போவதில்லை.

என்புநோக்கி:
அந்தக் குறை 544 கிலோவுக்கும் அப்படியே பொருந்தும்; உடற்பகுதியை மிகப் பெரிதாக வரைந்ததால் வந்த எண் அது என்று விட்டனும் ஹபீபும் 2010இலேயே எழுதிவிட்டார்கள். கிடைக்காத உடலைப் பற்றி இரு தரப்பும் எவ்வளவு வேண்டுமானாலும் வாதிடலாம். கிடைத்திருப்பது மேற்கை எலும்பு. அதன் விட்டத்தையும் சுவரின் தடிமனையும் நேரே அளக்கலாம், எவ்வளவு வளைவு விசையைத் தாங்கும் என்று கணக்கிடலாம். இதற்கு உடல் எடை தெரிந்திருக்கத் தேவையில்லை. நடப்பதற்கு மட்டும் ஏன் அத்தனை வலிமை வேண்டும் என்ற கேள்விக்குத் தங்கள் தரப்பிலிருந்து இன்னும் விடை வரவில்லை.