பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே டிவி: படுக்கையறையில் மாட்டிய அனுபவம்

ஸ்ரீரங்கத்திலிருந்து

எங்கள் வீட்டில் இரண்டு படுக்கையறைகள். ஒன்றில் நானும் கணவரும். இன்னொன்றில் என் அம்மாவும், பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகனும். ஹாலில் இருந்த பழைய டிவி போன வருடம் கெட்டுப்போனது. அம்மாவுக்கு மூட்டு வலி, ராத்திரியில் ஹாலில் வெகுநேரம் உட்கார முடியாது. அதனால் புது டிவியை அவர்கள் அறையிலேயே மாட்டிவிட்டோம். சீரியல் அம்மாவுக்கு, அப்புறம் கேம் கன்சோலும் லேப்டாப்பும் மகனுக்கு. சொல்லும்போது எளிதாக இருந்தது. ஒழுங்காக அமைய இரண்டு மாதம் ஆனது.

மாட்ட வந்தவர் சுவருக்கு எதிரே நின்று, தன் கண் மட்டத்துக்குப் பென்சிலால் கோடு போட்டார். அவரை மறுநாள் வரச் சொல்லி அனுப்பினேன். படுக்கையறையில் யாரும் நின்றுகொண்டு டிவி பார்ப்பதில்லையே. 43 அங்குல டிவி என்றால் அகலம் கிட்டத்தட்ட 96 செ.மீ., உயரம் 55 செ.மீ. இருக்கும். பழைய செய்தித்தாள்களை ஒட்டி அந்த அளவுக்கு வெட்டி, டேப் போட்டுச் சுவரில் ஒட்டினேன். அம்மா கட்டிலில் சாய்ந்து பார்த்துவிட்டு, "கழுத்து இழுக்குதுடி" என்றார். ஒரு சாண் இறக்கினேன். மகன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தான், அவனுக்கு அது ரொம்பக் கீழே. நாலு விரல் ஏற்றினேன். அம்மா எப்போதும் இடது பக்கம் ஒருக்களித்துத்தான் படுப்பார் என்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டது. டிவியோடு இலவசமாக வந்த, அசையாத மவுண்ட் (டிவியைச் சுவரில் தாங்கும் சட்டம்) போதாது, முன்பக்கம் சாய்க்கவும் பக்கவாட்டில் திருப்பவும் வருகிற மவுண்ட் வேண்டும் என்று புரிந்தது. இரண்டு நாள் அந்தக் காகிதம் சுவரிலேயே இருந்தது. அந்த இரண்டு நாள் இல்லையென்றால் நான்கு ஓட்டை போட்டு, அதை அடைத்து, மறுபடி நான்கு போட்டிருப்போம்.

ஓட்டை போடுகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். சுவருக்குள் வயர் ஓடுகிற வீடுகளில், சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் வயர் போவது வழக்கம். அந்தக் கோட்டில் டிரில்லை வைக்கவே கூடாது. நாங்கள் ஓரடி தள்ளி மாட்டினோம். எங்களுடையது பழைய கட்டடம், பூச்சு தடிமன். முதலில் போட்ட பிளக் (ஸ்க்ரூவைப் பிடிக்க ஓட்டைக்குள் செருகும் பிளாஸ்டிக் உறை) கையால் இழுத்ததும் மாவு கொட்டியதுபோல் உதிர்ந்து வெளியே வந்துவிட்டது. பூச்சைத் தாண்டிச் செங்கல்லைப் பிடிக்கிற நீளத்தில் பிளக்கும் ஸ்க்ரூவும் வாங்கிப் போட்ட பிறகுதான் நின்றது.

மாட்டிய முதல் வாரமே சண்டை. இரவு எட்டரைக்கு அம்மா சீரியலில் ஆழ்ந்திருப்பார். மகன் மேஜையைத் துடைக்கும்போது கை தவறி கன்சோலின் கன்ட்ரோலர் பட்டன் அமுங்கும். உடனே சீரியல் மறைந்து கேம் திரை வந்து நிற்கும். அவன் வேண்டுமென்றே செய்கிறான் என்று நானே திட்டினேன், பாவம். விஷயம் வேறு. படமும் ஒலியும் சேர்ந்து போகிற ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியாகக் கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பிக்கொள்ளும் வசதிக்கு சிஇசி என்று பெயர். கன்சோல் விழித்ததும் "என்னைக் காட்டு" என்று டிவிக்குச் சொல்கிறது, டிவியும் மாறிவிடுகிறது. கன்சோலின் அமைப்பில் ஹெச்டிஎம்ஐ டிவைஸ் லிங்க் என்று இருந்ததை அணைத்தேன். அதோடு சரி. மகனிடம் மன்னிப்பும் கேட்டேன்.

எங்களை அதிகம் அலைக்கழித்தது சத்தம்தான். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். டிவியில் ஒலி அளவு 40ஐத் தாண்டினால்தான் வசனம் புரியும். பக்கத்தில் மகன் கணக்குப் போட முடியாது. சவுண்ட்பார் வாங்கினேன், தெளிவு கூடும் என்று நினைத்து. தெளிவு கூடியது, கூடவே அறை முழுக்க அதிர்ந்தது. அடுத்து ப்ளூடூத் ஹெட்போன். போட்டுப் பார்த்த அம்மா, "உதடு முதல்ல அசையுது, பேச்சு அப்புறமா வருது" என்று கழற்றி வைத்துவிட்டார். அவர் சொன்னது உண்மை. ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, மறுபடி விரிக்க வேண்டும். அதற்குள் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கழிந்துவிடலாம். எங்கள் டிவியில் ஆடியோ டிலே என்று ஒன்று இருக்கிறது. அது ஒலியை இன்னும் தாமதமாக்குமே தவிர, முன்னால் இழுத்துத் தராது.

கடைசியில் கைகொடுத்தது சாதாரண வயர். டிவியின் பின்பக்கம் ஹெட்போன் துளை இருந்தது. அதிலிருந்து ஐந்து மீட்டர் 3.5 எம்எம் கேபிளைச் சுவர் ஓரமாக க்ளிப் அடித்துக் கொண்டுவந்து, அம்மாவின் தலையணைக்குப் பக்கத்தில் காபி டம்ளர் அளவு ஸ்பீக்கர் ஒன்றில் செருகினேன். அதைச் செருகியதும் டிவியின் சொந்த ஸ்பீக்கர் தானாக அடங்கிவிடுகிறது. காதுக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள தூரம் பாதியாகக் குறையும் ஒவ்வொரு தடவையும், திறந்த வெளியில் ஒலி 6 டெசிபல் கூடும். அறைக்குள் எதிரொலி இருப்பதால் அவ்வளவு வித்தியாசம் தெரியாது. ஆனாலும் எட்டடி தூரத்தில் இருந்த குரல் ஓரடியில் வந்து உட்கார்ந்தால் மெதுவாகப் பேசினாலே போதும். முதல் நாள் அம்மா சீரியல் முடிந்ததும், "இன்னிக்குத்தான் அவ என்ன பேசறான்னே முழுசா கேட்டேன்" என்றார். இத்தனை மாதம் பாதி வசனத்தை முகத்தைப் பார்த்தே ஊகித்திருக்கிறார். அதை நான் கவனிக்கவே இல்லை என்பது இன்னும் உறுத்துகிறது.

மகன் கேமுக்குத் தன் ஹெட்போனைக் கன்ட்ரோலரிலேயே செருகிக்கொள்கிறான். அம்மா தூங்கிய பிறகு வெளிச்சம் கண்ணைக் குத்தக் கூடாது என்று கன்சோல் இணைத்த ஹெச்டிஎம்ஐக்கு மட்டும் பேக்லைட்டை, அதாவது திரையின் பின்விளக்கைக் குறைத்து வைத்திருக்கிறோம். எங்கள் டிவி ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாகப் பட அமைப்பை நினைவில் வைத்துக்கொள்கிறது. சவுண்ட்பார் இப்போது ஹாலில் பாட்டு கேட்கப் பயன்படுகிறது.

கோவை, பெண்கள் விடுதியிலிருந்து

அக்கா, செய்தித்தாள் ஒட்டிப் பார்த்தது அருமையான யோசனை. எங்களுக்குச் சுவரில் ஆணி அடிக்கவே அனுமதி இல்லை. மூன்று பேர் ஓர் அறை. பணம் போட்டு 24 அங்குல மானிட்டர் ஒன்றும், இணையம் வழியாக ஓடிடி படங்கள் பார்க்க அதில் செருகும் ஸ்டிக் ஒன்றும் வாங்கினோம். மேஜை மேல் வைத்து, மூன்று கட்டிலுக்கும் தெரிகிற மாதிரி திருப்பிக்கொள்கிறோம்.

முதல் நாள் ஸ்டிக் தானாக அணைந்து அணைந்து எழுந்தது. கெட்ட பொருளைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைத்தோம். மானிட்டரின் யூஎஸ்பி துளையிலிருந்து அதற்கு மின்சாரம் கொடுத்திருந்தோம், அது போதவில்லை. கூடவே வந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் போட்டதும் சரியானது. மானிட்டரில் ஸ்பீக்கர் கிடையாது, ஆனால் அதன் அடியில் ஒரு 3.5 எம்எம் துளை இருந்தது. அதில் சின்ன ஸ்பீக்கர். முதலில் ஒரு தோழியின், விஜிஏ என்ற பழைய வகை இணைப்பு மட்டும் உள்ள மானிட்டரை கன்வர்ட்டர் போட்டு முயன்றோம். மெனு எல்லாம் வரும், படம் ஓட ஆரம்பித்ததும் திரை கறுப்பாகிவிடும். திருட்டு நகல் எடுப்பதைத் தடுக்கும் ஹெச்டிசிபி பாதுகாப்பு விஜிஏவில் கிடையாது. அதனால் அந்தப் பாதை வழியாகப் படத்தை அனுப்ப ஸ்டிக் மறுக்கிறது.

பெரிய தலைவலி விடுதி வைஃபை. போனும் ஸ்டிக்கும் ஒரே வைஃபையில்தான் இருந்தன, ஆனாலும் போனிலிருந்து காஸ்ட் செய்ய, அதாவது போனில் தேர்ந்தெடுத்த படத்தை ஸ்டிக் வழியாகத் திரையில் ஓட்ட முடியவில்லை. இப்படிப் பொது இடங்களில் பாதுகாப்புக்காக ஒரு கருவி இன்னொரு கருவியைப் பார்க்க முடியாதபடி பிரித்து வைத்திருப்பார்களாம். கடைசியில் போன் ஹாட்ஸ்பாட்தான். ஹெச்டியில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போகும், எங்கள் தினசரி பேக்கோ 2 ஜிபி. அதனால் படத் தரத்தைக் குறைத்துவிட்டு, யார் போன் என்று முறை வைத்திருக்கிறோம். சனிக்கிழமை என் முறை. அன்றைக்கு நான் சொல்லும் படம்தான்.

மதுரையிலிருந்து

ஸ்ரீரங்கத்துச் சகோதரி எழுதிய ஸ்பீக்கர் விஷயத்தை நேற்றே செய்து பார்த்தேன். என் மனைவி பக்கவாதம் வந்து ஒன்றரை வருடமாகப் படுக்கையில் இருக்கிறாள். அவள் அறையில் இருப்பது அரசு கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி. 2006 தேர்தலில் அறிவித்த திட்டத்தில் வந்தது. செட்டாப் பாக்ஸிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் போட்டு இன்னும் ஓடுகிறது. அதில் ஹெட்போன் துளை இல்லை. செட்டாப் பாக்ஸில் இன்னொரு ஆடியோ வெளியீடு இருந்தது, அதிலிருந்து அவள் பக்கத்தில் வைத்த ஸ்பீக்கருக்கு வயர் இழுத்தேன். டிவி ஒலியைச் சுத்தமாகக் குறைத்துவிட்டேன்.

அவளுக்கு வலது கை வராது. ரிமோட்டை இடது கைக்கு எட்டும்படி கட்டில் கம்பியில் கயிறு போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன். வேண்டிய இரண்டு பட்டன்களில் மட்டும் தழும்பு மாதிரி பெவிகால் சொட்டு வைத்துக் காயவிட்டேன், தடவினாலே தெரியும்படி. நேற்று சாயங்காலம் நான் அடுப்படியில் இருந்தபோது அவளே சேனல் மாற்றி, பழைய பாட்டு வைத்திருந்தாள். போய் அவள் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கூடவே கேட்டேன். தரையிலிருந்து பார்த்தால் திரையில் லைட் வெளிச்சம் அடிக்கிறது. டிவியின் பின்பக்கக் கால் இரண்டுக்கும் அடியில் மரத்துண்டு வைத்துக் கொஞ்சம் முன்னால் சாய்க்கலாமா, விழாமல் இருக்க எப்படிக் கட்டுவது என்று செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.