வருசக்கடைசி ஒன்றுகூடலுக்கு அம்மப்பாவின்ட சுவர் மணிக்கூட்டைக் கொண்டு போகலாமோ?

வெள்ளவத்தைப் பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம். கொழும்பில மணிக்கூடு சேர்க்கிற ஆக்கள் கொஞ்சப் பேர் வாட்ஸ்அப் குரூப் ஒண்டு வச்சிருக்கினம், என்னையும் இந்த வருசம்தான் ஒராள் சேர்த்துவிட்டவர். நத்தார் கழிஞ்சு வாற சனிக்கிழமை தெகிவளையில ஒரு அண்ணையின்ட வீட்டு மேல்மாடியில ஒன்றுகூடலாம், பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வரலாமாம். ஆளுக்கொரு மணிக்கூடு கொண்டுவந்து அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் கதைக்க வேணும், பிறகு மூவாயிரம் ரூபாக்குள்ள ஒரு பரிசு சுத்திக் கொண்டுவந்து மாத்திக்கொள்ளுறது.

என்னட்ட ரெண்டுதான் இருக்கு. ஒண்டு அப்பா எண்பதுகளில சவூதியில வேலை செய்யேக்க வாங்கின சீக்கோ 5, கையில கட்டினா இப்பவும் ஓடுது. மற்றது அம்மப்பாவின்ட அன்சோனியா சுவர் மணிக்கூடு, பெண்டுலம் வச்சது, மணிக்கு மணி எண்ணி அடிக்கும், அரைக்கு ஒருக்கா அடிக்கும். எனக்கெண்டா சுவர் மணிக்கூட்டைக் கொண்டு போகத்தான் ஆசை, ஆனா காலி வீதி ட்ராஃபிக்கில ஓட்டோவுக்குள்ள மடியில வச்சுக்கொண்டு போனா என்ன கதியாகுமோ தெரியேல்ல. அம்மாவுக்குத் தெரிஞ்சா வீட்டை விட்டே வெளிக்கிட விடமாட்டா. என்ன செய்யலாம்? பரிசுக்கும் ஒரு ஐடியா சொல்லுங்கோ.

பெண்டுலம்:

தம்பி, கொண்டு போகலாம், பயப்பிடாதேங்கோ, ஆனா ஓட்டோ வேண்டாம், பிக்மீ டாக்சி ஆப்பில கார் ஒண்டு போடுங்கோ. வெளிக்கிட முதல் கதவைத் திறந்து பெண்டுலத்தைக் கழட்டி எடுங்கோ. அதைக் கழட்டாமல் கொண்டு போறவை கனபேர். பெண்டுலம் மேல தொங்குறது ஒரு மெல்லிய உருக்குத் தகட்டில, கடதாசி மாதிரி இருக்கும், ஒரு குலுக்கலுக்கு மடிஞ்சுது எண்டால் பிறகு மணிக்கூடு நேரா ஓடாது. பெண்டுலக் குண்டைத் துணியில சுத்தி வேற பையில வையுங்கோ, சாவியும் அதோடயே. கண்ணாடிக் கதவுக்கு மாஸ்கிங் டேப் ஒண்டு ஒட்டிவிட்டு, படுக்க வைக்காமல் நிமித்தியே பிடிச்சுக்கொண்டு போங்கோ.

அங்க போய்க் கொழுவின பிறகு பெண்டுலத்தை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேளுங்கோ. டிக்... டொக்... ரெண்டுக்கும் இடைவெளி ஒரே அளவா இருக்க வேணும். டிக்டொக்..... டிக்டொக்..... எண்டு நொண்டிச்சுது எண்டால் பெட்டியின்ட கீழ்ப்பக்கத்தை ஒரு நூல் இடமோ வலமோ தள்ளிப் பாருங்கோ, சத்தம் சமனா வாற இடத்தில விடுங்கோ. பெட்டி கண்ணுக்குக் கொஞ்சம் சரிஞ்சு தெரிஞ்சாலும் பறவாயில்லை. லெவல் வச்சு நேராக்கிப்போட்டு ஏன் நிக்குது எண்டு கேட்கிற ஆக்களோட எனக்குக் கதைச்சு அலுத்துப்போச்சு.

இன்னொண்டு. பழைய அமெரிக்க மணிக்கூடுகளில கனக்க எண்ணுச் சில்லு வச்சது, எத்தனை அடிக்கிறது எண்டு கணக்கு வைக்கிற சில்லு. முள் காட்டுறதை அது பார்க்காது, முதல் அடிச்சதுக்கு அடுத்ததைத்தான் அடிக்கும், அதால முள்ளைச் சும்மா திருப்பினா நாலு மணிக்கு ஏழு அடிக்கும். அப்பிடிக் குழம்பினா சின்ன முள்ளை மட்டும் மெதுவாத் தள்ளி, அடிச்ச எண்ணுக்கு நேர வைச்சிட்டு, பெரிய முள்ளை முன்னுக்குத் திருப்பிக்கொண்டு வாங்கோ, ஒவ்வொரு அரைக்கும் மணிக்கும் நிண்டு அடிக்க விட்டு. பின்னுக்குத் திருப்பவே வேண்டாம்.

ஹட்டன்காரன்:

அண்ணே நான் புறக்கோட்டைல ஒரு ரிப்பேர் கடைல வேல பாக்குறேன், பரிசுக்கு மட்டும் சொல்றேன். மூவாயிரத்துக்குள்ள வாட்ச் தேடாதீங்க, ஸ்ட்ராப், ஸ்ட்ராப்ப வாட்சோட பிடிச்சிருக்கிற ஸ்ப்ரிங் பார் கழட்டுற டூல், கண்ல வச்சுப் பாக்குற லென்ஸ் இப்படி வாங்கிக் குடுத்தீங்கன்னா சேகரிக்கிறவங்க எல்லாருக்கும் உதவும். இங்க காத்துல உப்பும் ஈரமும் இருக்கே, டப்பால போட்டு வைக்க சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒரு கட்டு குடுத்தாக்கூட சந்தோசப்படுவாங்க.

கசியோ எஃப்-91டபிள்யூ கம்மி வெலைக்கு இருக்குன்னு நெறைய பேர் தூக்கிட்டு வருவாங்க. வலது பக்க பட்டன மூணு செகண்ட் அமுத்திப் பிடிங்க, ஒறிஜினல்னா ஸ்கிரீன்ல கசியோன்னு எழுத்து வரும். இப்பல்லாம் சில டூப்ளிகேட்லயும் வருதுங்க, அதனால எழுத்து வரலன்னா டூப்ளிகேட்னு அடிச்சு சொல்லலாம், வந்துட்டா மட்டும் முழுசா நம்பிறாதீங்க.

அப்பறம் அங்க யாராவது பழைய எச்எம்டி, ஃபேவர் லூபா வாட்ச் விக்கிறேன்னு வந்தா டயல லென்ஸ்ல பாருங்க. மும்பைல இருந்து புதுசா பெயிண்ட் அடிச்சு வர்றது நெறைய. எழுத்து தடிப்பா, ஓரம் பிசிறு பிசிறா, நிமிசக் கோடு நம்பருக்கு நேரா இல்லாம இருக்கும். எச்எம்டி ஜனதா ஆரஞ்சு கலர்லயும் பச்சைக் கலர்லயும் பளபளன்னு இருந்துச்சுன்னா அது புதுசா பெயிண்ட் அடிச்சதுதான், கேள்வியே கேக்க வேணாம்.

மருதானை நானா:

புள்ளைகளும் வாறதால ஒன்டு செல்லனும். ஆராவது பழைய மேசை அலாரமோ பட்டாளத்து வாட்சோ கொண்டு வந்தா, டயல்ல பழுப்பு நிறத்துல தடிச்ச பெயின்ட் இருந்தா, அத தொறக்கவோ சுரண்டவோ விட வேணாம். இருட்டுல மின்ன வெக்கப் பூசின, கதிர்வீச்சுள்ள ரேடியமா இருக்கலாம். இருட்டுல மின்னல்ல தானே, செத்துப் போச்சு என்டு நெனைக்கிறாங்க, அது பிழை. மின்னுறது ரேடியத்தோட கலந்த சிங்க் சல்பைட், அதுதான் தேஞ்சு போறது. ரேடியம் பாதியாக் கொறையவே 1600 வருசம் எடுக்கும். கண்ணாடி மூடி இருக்கும்போது தூரத்துல வெச்சுப் பாக்குறதுல பெரிய பயமில்ல, தூள் உள்ள போறதுதான் பிரச்சினை.

சீக்கோவயும் கையில கட்டிட்டுப் போங்க. சவூதியில வாங்கினதுன்டா நாள் காட்டுறது அரபிலயும் வருமே, எங்கட வாப்பாட சீக்கோவுலயும் அப்படித்தான். ராவைல, ஒன்பது மணிக்குப் பொறகு, திகதிய மட்டும் மாத்த வேணாம், உள்ளுக்குப் பல்லு கொழுவிட்டு ஈக்கிற நேரம் அது.

பெண்டுலம்:

நானா சொன்னது சரி. எண்பதுகளின்ட சீக்கோ 5 எண்டா அனேகமா 7009 மெசினா இருக்கும், அதுக்குச் சாவி குடுக்கவும் ஏலாது, கையை ஆட்டித்தான் ஓட வைக்க வேணும். அண்டைக்குக் காலமையே கட்டிவிடுங்கோ.

அதுசரி, அம்மப்பாவின்ட மணிக்கூட்டுக்குக் கதை ஏதும் இருக்கோ? கம்பனி பேர், வருசம் எல்லாம் நெற்றில பாக்கலாம். இந்தக் கூட்டங்களில ஒராள் சீரியல் நம்பரை வாசிக்கத் தொடங்கினா மிச்சப் பேர் ரோல்ஸ் தட்டுப் பக்கம் போயிடுவினம்.

வெள்ளவத்தைப் பொடியன்:

கதை இருக்கு அண்ணை. 1996 மே மாசம் கரண்ட் மிச்சம் பிடிக்கவெண்டு நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினவை, ஒக்டோபரில அரை மணித்தியாலம் திருப்பிக் குறைச்சவை எல்லோ. அப்ப இயக்கத்தின்ட கட்டுப்பாட்டில இருந்த வன்னியில அதை ஒருத்தரும் எடுக்கேல்ல, பழைய நேரம்தான். அம்மப்பா அப்ப கிளிநொச்சிப் பக்கம். 2002 இல ஏ9 பாதை திறந்த பிறகு மணிக்கூட்டோட எங்களிட்ட வந்தார், வந்தும் முள்ளைத் தொட விடேல்ல. நாங்கள் ரி.வி.யில எட்டு மணிக்கு நியூஸ் பாக்க இருப்பம், மணிக்கூடு ஏழரை எண்டு ஒருக்கா அடிச்சிட்டு நிக்கும். அம்மா வாற ஆக்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிக் களைச்சுப்போனா. 2006 சித்திரை வருசத்தோட அரசாங்கம் பழைய நேரத்துக்கே திரும்பி வந்தது. அண்டைக்கு அம்மப்பாவின்ட முகத்தைப் பாத்திருக்க வேணும், தானே ஆர்டர் போட்டு மாத்தின மாதிரி இருந்தவர்.

கோட்டைவாசல்:

தம்பி, நான் அந்தக் குரூப்பில இருக்கிறன், இதைக் கேட்ட பிறகு நீங்கள் சீக்கோவை மட்டும் கட்டிக்கொண்டு வந்து நிண்டா விடமாட்டம். காலமை நாங்கள் கொஞ்சப் பேர் புறக்கோட்டைக் கான் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில சந்திச்சு, அப்பிடியே நடந்து கோட்டைக்குப் போய் சத்தம் (Chatham) வீதி மணிக்கூட்டுக் கோபுரத்தையும் பாத்திட்டுத்தான் தெகிவளைக்கு வாறம். அது 1857 இல கட்டினது, வரைஞ்சது தேசாதிபதி வார்ட்டின்ட மனுசி. பிக் பென் மணிக்கூட்டைச் செய்த டெண்ட் கம்பனிதான் இதுக்கும் முதல் மணிக்கூடு செய்தது. 1952 வரைக்கும் வெளிச்சவீடாவும் இருந்தது, சுத்திவரக் கட்டிடங்கள் எழும்பி வெளிச்சத்தை மறைச்சதாலதான் நிப்பாட்டினவை. ஏலுமெண்டா அதுக்கும் வாங்கோ, மணிக்கூட்டை அம்மா பிறகு காரில கொண்டு வரட்டும், அவவையும் கட்டாயம் கூப்பிடுங்கோ.

சாப்பாடு திருவெம்பாவை நேரமெண்டதால கனபேர் விரதம், அதால மரக்கறி ரோல்ஸ், கடலை, வடை. நத்தார் கேக் வேற மேசையில இருக்கும், முட்டை சாப்பிடுற ஆக்களுக்கு. மணிக்கூடு தொங்கவிடச் சுவரில ஒரு கொங்கிறீட் ஆணி அடிச்சு வைக்கச் சொல்லுறன், ஏற்கனவே இருக்கிறது கலண்டர் ஆணி, அதில மட்டும் கொழுவிப்போடாதேங்கோ.