கொரேயா வரைந்த முற்றத்தில் குடியிருந்தோம்

நவி மும்பையில், பேலாப்பூர் ஆர்ட்டிஸ்ட் வில்லேஜ் என்கிற குடியிருப்பில் சில வருஷம் வாடகைக்கு இருந்திருக்கிறோம். கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள் வருவார்கள், ஓடு போட்ட பழைய வீடுகளைத் தேடித் தேடிப் படம் எடுப்பார்கள், பாதிக்கு மேல் இடித்துக் கட்டியிருப்பதைப் பார்த்து முகம் வாடிப்போவார்கள். அவர்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தக் குடியிருப்பை வரைந்த கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரேயா இங்கே செய்த பெரிய காரியம் வீடுகளுக்கு நடுவில் விட்ட இடம்தான். அது இன்னும் இருக்கிறது, ஜனங்கள் புழங்குகிறார்கள்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏழு வீடுகள், நடுவில் 8 மீட்டருக்கு 8 மீட்டர் முற்றம். இப்படி மூன்று கூட்டம் சேர்ந்தால், 21 வீட்டுக்கும் பொதுவாக 12 மீட்டருக்கு 12 மீட்டரில் இன்னொரு முற்றம், அதற்கும் மேலே இன்னும் பெரியது, அப்படியே போனால் ஓடைக்கரை வந்துவிடும். மனைகள் 45 சதுர மீட்டரிலிருந்து 75 வரைக்கும்தான், அதாவது வசதி உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் நிலத்தில் பெரிய வித்தியாசம் வரக் கூடாது என்பது அவர் கணக்கு. ஒரு வீட்டுச் சுவர் பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டாது. கழிப்பறைகளை மட்டும் இரண்டிரண்டாகச் சேர்த்துவிட்டார், குழாய்ச் செலவு குறையும். சுவர் ஒட்டாததால் என்ன லாபம் என்றால், கையில் காசு சேரும்போது மாடி எடுக்கலாம், ஒரு அறை கூட்டலாம், பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் நிற்க வேண்டாம். மேஸ்திரியும் கொத்தனாரும் சேர்ந்தே கட்டிவிடக்கூடிய செங்கல், ஓட்டு வீடு. ஆக, ஜனங்கள் இடித்துக் கூட்டிக் கட்டியதில் அவருக்கு எந்தத் துரோகமும் நடக்கவில்லை, வளரட்டும் என்றுதானே வரைந்தார்? பழைய அழகு போய்விட்டதே என்றால் சரி, சில புது பங்களாக்கள் கண்ணை உறுத்துகின்றன, அதை மறைக்க வேண்டியதில்லை.

எங்கள் எதிர்வீடு அப்போது பழைய வீடாகவே இருந்தது. அங்கே ஒரு மராத்தி ஆஜி, அதாவது பாட்டி. காலையில் வாசல்படியில் உட்கார்ந்தால், முற்றத்தில் யார் வருகிறார்கள், எந்த வீட்டில் பால் இன்னும் எடுக்கவில்லை, எல்லாம் அவர் கண்ணில் படும். என் மகள் சைக்கிள் பழகியது அந்த முற்றத்தில்தான், விழுந்தால் நான் வருவதற்குள் மூன்று வீட்டுக் கதவு திறந்திருக்கும். வெயில் காலத்தில் கயிற்றுக் கட்டிலில் ஆஜியின் அப்பளம் ஒரு பக்கம், என் மனைவியின் வடாம் ஒரு பக்கம் காயும், காக்கா ஓட்டுவது பொதுவான வேலை. ஒருநாள் அவரிடம், சுற்றிலும் இப்படி உயர உயரக் கட்டுகிறார்களே, உங்களுக்குக் கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன். கட்டட்டுமே, அவர்கள் குடும்பம் பெருகுகிறது, முற்றத்தில் காரைக் கொண்டுவந்து நிறுத்தினால்தான் நான் சண்டைக்குப் போவேன் என்றார். போகவும் போனார்! இந்த இடத்தில் எனக்கும் ஒரு குறை உண்டு. நடந்து புழங்குவதற்காக வரைந்த இடம் இது, வீட்டுக்கு வீடு கார் வந்த பிறகு திணறுகிறது.

இதே கொரேயாதான் மும்பை கம்பாலா ஹில்லில் காஞ்சன்ஜங்கா அபார்ட்மென்ட்ஸ் வரைந்தவர், 84 மீட்டர் உயரம், பெரும் பணக்காரர்கள் இருக்கிற கட்டடம். அதிலும் மூலைக்கு மூலை இரண்டு மாடி உயரத்துக்கு வெட்டவெளியாக ஒரு மொட்டைமாடித் தோட்டம் வைத்திருக்கிறார். காசு இருந்தாலும் இல்லாவிட்டாலும், வானம் தெரிகிற இடம் ஒன்று வீட்டுக்கு வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார்.

நவி மும்பையே அவருக்குக் கடன்பட்ட ஊர்தான். மும்பை வடக்கு நோக்கியே நீண்டுகொண்டு போகிறது, கடல்கழிக்கு அந்தப் பக்கம் ஒரு நகரம் வேண்டும் என்று 1960களின் நடுவில் அவரும் பிரவீணா மேத்தாவும் ஷிரீஷ் படேலும் சேர்ந்து எழுதினார்கள். 1970-ல் அந்த நகரத்தைக் கட்ட சிட்கோ என்கிற அரசு நிறுவனம் வந்தது, தொடக்க வருஷங்களில் அவர்தான் தலைமைக் கட்டடக் கலைஞர். அரசு அலுவலகங்கள் இங்கே வந்தால்தான் வேலை வரும், வேலை வந்தால்தான் ஜனம் வரும் என்பது அவர்கள் வாதம். அரசோ தெற்கே கடலைத் தூர்த்து நரிமன் பாயின்ட்டில் கோபுரம் கோபுரமாகக் கட்ட விட்டது, தலைமைச் செயலகமும் நகரவில்லை. நவி மும்பையில் இருக்கிற வாஷிக்கு ரயில் வரவே 1992 ஆகிவிட்டது. அந்த இருபது வருஷத்தில் ஆரம்பத்திலேயே நம்பிக் குடிவந்தவர்கள் பட்ட பாட்டை எங்கள் வீட்டுக்காரர் சொல்லக் கேட்டால் மனசு கனத்துவிடும். திட்டம் வரைந்தவர் பேச்சைப் பாதி கேட்டால் இப்படித்தான் ஆகும், எனக்கு அதில் இன்னும் கோபம் உண்டு.

சென்னையில் எம்.ஆர்.எஃப் தலைமை அலுவலகமும் கொரேயா வரைந்ததுதான். அங்கே வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால், உள்ளே வெளிச்சமும் காற்றும் எப்படி, மதியம் சாப்பிட்டுவிட்டு எங்கே போய் நிற்பீர்கள் என்று எழுதுங்கள். வெளியிலிருந்து பார்த்ததோடு சரி, எனக்கு அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.