ஒரு கண் மட்டும் முழிக்குது: வேக்யூம் ஹெட்லைட் அனுபவங்கள்

ஓஹியோவில் இருக்கிறேன், வண்டி 1971 கார்வெட், ஹெட்லைட் உள்ளே மறைந்திருந்து சுவிட்ச் போட்டதும் மேலே எழும் ரகம். லைட் சுவிட்சை இழுத்தால் டிரைவர் பக்க விளக்கு டக்கென்று எழுந்துவிடும். மற்றது யோசித்து யோசித்துப் பாதியில் நின்றுவிடும். "ஹோஸ் செட்டையே மொத்தமா மாத்திடுங்க" என்றார்கள் ஒரு ஒர்க்‌ஷாப்பில். எது ஓட்டை என்று பார்க்காமல் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

இதில் விளக்கைத் தூக்க மோட்டார் கிடையாது, எஞ்சின் காற்றை உறிஞ்சுவதால் வருகிற வேக்யூம் (வெற்றிடம்)தான் தூக்குகிறது. எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து, ஒரு பக்கம் மட்டும் விடுகிற செக் வால்வு வழியாக, வேக்யூமைச் சேர்த்து வைக்கும் முன்பக்க டாங்கிக்கு ஒரு ஹோஸ் போகும். அதற்கப்புறம் ஒவ்வொரு விளக்குக்கும் வேக்யூமைத் திருப்பிவிடும் தனி ரிலே, விளக்கைத் தள்ளித் தூக்கும் தனி ஆக்சுவேட்டர். டேஷ்போர்டு சுவிட்ச் ரிலேக்குச் சிக்னல் கொடுப்பதோடு சரி. ஆக, ஒரு பக்கம் ஒழுங்காக எழுந்தால் டாங்கி, செக் வால்வு, சுவிட்ச் மூன்றின் மேலும் பெரிதாகச் சந்தேகப்பட வேண்டியதில்லை. ஐடிலில் வேக்யூம் கேஜும் 18 அங்குலம் (பாதரச அளவில்) காட்டியது.

கையால் அடிக்கிற வேக்யூம் பம்பை நேராக ஆக்சுவேட்டரில் மாட்டினேன். ஆக்சுவேட்டருக்குள் டயஃப்ரம் என்கிற ரப்பர் சவ்வுக்கு இரண்டு பக்கமும் இரண்டு அறை. டயஃப்ரம் கிழிந்திருந்தால் எந்த அறையில் இழுத்தாலும் பம்பின் கேஜ் முள் இறங்கும். எனக்குப் பின் அறையில் முள் அசையவே இல்லை. தண்டு வெளியே வருகிற அறையில் மட்டும் சரசரவென்று இறங்கியது. அப்படியென்றால் டயஃப்ரம் நன்றாக இருக்கிறது, தண்டைச் சுற்றியுள்ள சீல்தான் போய்விட்டது. சீல் தனியாகவே கிடைக்கிறது. மாற்றும்போது விளக்கு சுழலும் அச்சான பிவட்டையும் கையால் ஆட்டிப் பாருங்கள். என்னுடையது கிரீஸ் கண்டு பல வருஷம் ஆகியிருக்கும் போல, இறுகிக் கிடந்தது.

இரண்டு பக்கமும் சோம்பலாக எழுந்தால் கதை வேறு. 1968 முதல் 1972 வரை வந்த கார்வெட்டில் வைப்பரை மறைக்கும் மூடிக்கும் இதே வேக்யூம்தான். அந்தப் பக்கம் போகிற ஹோஸை முதலில் இடுக்கி அடைத்துவிட்டுப் பாருங்கள். விளக்கு சுறுசுறுப்பாகிவிட்டால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும்.

பதில்:
நான் இங்கிலாந்தில் 1965 லோட்டஸ் எலான் வைத்திருக்கிறேன். எனக்கு வந்த பிரச்சினை இன்னும் வயிற்றைக் கலக்கும் ரகம். இரவில் மேடேறும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் விளக்குகள் மெல்லச் சாயும். த்ராட்டில் முழுக்கத் திறந்தால் மேனிஃபோல்டில் வேக்யூமே இருக்காது, அந்த நேரத்துக்கு டாங்கிதான் தாங்க வேண்டும். எலானில் தனி டாங்கி இல்லை, சேஸியின் முன் குறுக்குப் பெட்டியேதான் டாங்கி. செக் வால்வு சரியாக இருந்தது, ஹோஸும் புதுசு. பெட்டிக்குள் லேசாகக் காற்றழுத்தம் ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தடவினதும் அடிப்பக்கத்தில் குமிழி வந்தது. துருப்பிடித்து ஊசி ஊசியாய்த் துளை.

தனி டாங்கி ஒன்றை வைத்து ஹோஸை மாற்றிவிட்டால் விளக்கு நிமிர்ந்துவிடும், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் முன் சஸ்பென்ஷன் தொங்குவதும் அதே இரும்பில்தான். அதனால் வண்டியை நிறுத்திவிட்டுச் சேஸி வேலையை எடுத்துக்கொண்டேன். பின்னால் வந்த எலான்களில் ஏற்பாட்டையே திருப்பிவிட்டார்கள்: ஸ்பிரிங் மேலே தள்ளும், வேக்யூம் கீழே பிடித்து வைக்கும். வேக்யூம் போனாலும் விளக்கு எழுந்துதான் நிற்கும்.

பதில்:
1969 கமாரோ ஆர்.எஸ்ஸில் விளக்கை மறைக்கும் மூடிதான் வேக்யூமில் திறக்கும். அது திறக்காமல் போனாலும் கொஞ்சம் வெளிச்சம் வெளியே வரட்டும் என்று மூடியிலேயே பட்டைப் பட்டையாகக் கண்ணாடி வைத்துவிட்டார்கள். அந்த வெளிச்சத்தில் வீடு வந்து சேரலாம், வேகம் மட்டும் கூடாது. எலான்காரரே, குறுக்குப் பெட்டியைத் திறந்ததும் உள்ளே எப்படி இருந்தது என்று படம் போடுங்கள்.