ஸ்டைல் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பிளஸ்

பாதி லேஅவுட் முடிந்த ஒரு புத்தகம் என் கைக்கு வந்தது. ஊர் வரலாறு, டெமி அளவு, புத்தகப் பக்கங்களை வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் செய்த ஃபைல். முதலில் செய்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டாராம். பக்கங்கள் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. ஆனால் எந்தப் பத்தியில் கர்சரை வைத்தாலும் பாராகிராஃப் ஸ்டைல் (பத்திக்கான எழுத்து அமைப்புகளை ஒரே பெயரில் சேர்த்து வைப்பது) பெயருக்குப் பக்கத்தில் ஒரு பிளஸ் குறி. ஸ்டைலில் இல்லாததை யாரோ மேலே போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஸ்டைல் சும்மா பேருக்குத்தான். எழுத்தளவு, லெடிங் (வரி இடைவெளி) எல்லாம் பத்தி பத்தியாகக் கையால் கொடுத்தது. பதிப்பாளரோ எழுத்தை ஒரு பாயின்ட் பெரிதாக்கச் சொல்கிறார். ஸ்டைலில் மாற்றினால் கையால் கொடுத்த இடங்கள் மாறாது.

பேனலின் அடியில் இருக்கும் கிளியர் ஓவர்ரைட்ஸ் பட்டனைத் தட்டினால் பிளஸ் போய்விடும். கூடவே நடுநடுவே போல்டாக இருந்த ஊர்ப் பெயர்கள், கல்வெட்டு வரிகள் எல்லாம் சாதா எழுத்தாகிவிடும். அதனால் முதலில் ஃபைண்ட்/சேஞ்சைத் திறந்து, சொல் எதுவும் போடாமல் ஃபார்மட்டை மட்டும் தேடவிட்டேன். போல்டாக இருப்பது எதுவானாலும் ‘அழுத்தம்’ என்ற கேரக்டர் ஸ்டைலுக்கு (பத்திக்குள் சில எழுத்துகளுக்கு மட்டுமான ஸ்டைல்) மாற வேண்டும், அவ்வளவுதான். அதன் பிறகு பட்டனைத் தட்டினால் கேரக்டர் ஸ்டைல் வாங்கியவை அசையாமல் நிற்கும். இந்த வரிசை மாறினால் மூலப்படியை வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிட வேண்டியதுதான்.

நூலாசிரியர் வேர்டில் சாய்வெழுத்து போட்டிருந்த இடங்கள் இளஞ்சிவப்புப் பட்டையோடு வந்திருந்தன. வேர்ட் எந்தத் தமிழ் ஃபான்டையும் தானாகச் சாய்த்துக் காட்டிவிடும். இன்டிசைன் அப்படிச் செய்யாது. ஃபான்டில் சாய்வு இல்லையென்றால் இல்லைதான், அந்த இடத்தைப் பட்டை போட்டுக் காட்டும். எழுத்தைச் செயற்கையாகச் சரித்து வைப்பது எனக்குப் பிடிக்காது, தமிழுக்கு அது ஒட்டுவதில்லை. அவற்றையும் ‘அழுத்தம்’ ஸ்டைலுக்கே மாற்றினேன்.

புதிதாக ஒட்டிய அத்தியாயத்தில் வேறு சிக்கல். ‘கொ’வில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. யூனிகோட் தமிழோடு இன்டிசைனுக்கு வருகிற பலரும் இந்த இடத்தில்தான் ஃபான்டைத் திட்டுவார்கள். ஃபான்ட் மேல் தப்பில்லை. ஸ்டைலில் ஜஸ்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய் கம்போசரை (எழுத்துகளை வரியில் அடுக்கும் பகுதி) வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர் என்று மாற்றினால் எழுத்து தன் இடத்துக்கு வந்துவிடும். எல்லா ஸ்டைல்களுக்கும் தாயாக ஒன்றை வைத்து அதில் மட்டும் மாற்றினேன். அதை ஒட்டிப் பிறந்த தலைப்பு, மேற்கோள், அடிக்குறிப்பு எல்லாம் தானாகச் சரியாயின.

தலைப்புகளில் யாரோ அழகுக்காக டிராக்கிங்கை (எழுத்துகளுக்கு நடுவிலான இடைவெளி) கூட்டியிருந்தார்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு அது எடுப்பாக இருக்கும். தமிழில் ‘கோ’வின் கால் தனியாக நகர்ந்து நின்று, ‘கோவில்’ என்ற சொல் பல் விழுந்த வாய் போலத் தெரிந்தது. எல்லாவற்றையும் பூஜ்யமாக்கினேன்.

மிகவும் உதவியது கிரெப் ஸ்டைல், அதாவது ஒரு விதிக்குப் பொருந்தும் எழுத்துகளுக்குத் தானாகவே கேரக்டர் ஸ்டைல் போடும் வசதி. உடல் எழுத்தின் ஸ்டைலிலேயே ஒரு விதி எழுதிவிட்டால், வரிக்கு நடுவே ஆங்கில எழுத்து வரும்போது வேறு ஃபான்டில், அரை பாயின்ட் சிறிதாக விழும். இன்னொரு விதி இனிஷியலுக்கு. ‘உ.வே.’ ஒரு வரியின் கடைசியிலும் ‘சாமிநாதையர்’ அடுத்த வரியிலும் கிடப்பதைப் பார்க்கச் சகிக்காது. புள்ளியோடு வரும் எழுத்தையும் அதை ஒட்டிய பெயரையும் நோ பிரேக் (இரண்டு வரியாகப் பிரியாதே) கொடுத்த கேரக்டர் ஸ்டைலில் கட்டிவிட்டேன்.

பத்தியின் கடைசி வரியில் ‘கிறார்.’ மட்டும் தொங்குவதற்கும் இதே வைத்தியம்தான், கடைசிச் சில எழுத்துகளைப் பிரியவிடாதே என்று ஒரு விதி. இங்கே எண்ணிக்கையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நம் கண்ணுக்கு ‘கிறார்.’ என்பது மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும். கிரெப்புக்கு அது ஏழு, ஏனென்றால் கொக்கி, கால், மேல்புள்ளி எல்லாம் அதற்குத் தனித்தனி. ஆங்கிலத்தில் உள்ள இன்டிசைன் பாடங்களில் சொல்லியிருக்கும் எண்ணை அப்படியே போட்டால் பாதி இடங்களில் வேலை செய்யாது. நான் 12 வைக்கிறேன்.