சப்ளிமென்ட்டுக்கு “துணைச்சத்து” வேணாம், “உணவுத்துணை” வைக்கலாம்

எல்லாருக்கும் வணக்கம்,

விக்சனரிங்கிற இணைய அகராதியில ஏத்துறதுக்கு, சப்ளிமென்ட் சம்பந்தப்பட்ட அமெரிக்கச் சட்டச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடிட்டு இருக்கோம்ல, அதுல டயட்டரி சப்ளிமென்ட்டுக்கு (சாப்பாட்டோட கூடுதலா எடுத்துக்கிற மாத்திரை, பொடி மாதிரி) இதுவரைக்கும் வந்த சொற்கள்ல “துணைச்சத்து”க்குத்தான் ஆதரவு அதிகமா தெரியுது. வாயில சுலபமா வருது, சரிதான், ஆனா எனக்கு மனசு ஒப்பல. சத்துன்னு பேரு வச்சுட்டா டப்பாக்குள்ள இருக்கிறது உடம்புக்கு நல்லதுன்னு நாமளே சர்ட்டிஃபிகேட் குடுத்த மாதிரி ஆயிடும். அமெரிக்காவோட 1994 சட்டப்படி விட்டமின், தாது மட்டும் இல்ல, மூலிகை, அமினோ அமிலம், அதுங்களோட சாறு எல்லாமே சப்ளிமென்ட்தான், மருந்து மாதிரி இது வேலை செய்யுதுன்னு எஃப்டிஏகிட்ட (அமெரிக்காவோட உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு) முன்னாடியே நிரூபிச்சு அனுமதி வாங்க வேண்டியதில்ல. அதனால “உணவுத்துணை”ன்னு வைக்கலாம்ங்கிறது என் கருத்து. அதுல எந்த வாக்குறுதியும் இல்ல.

அடுத்தது அதே சட்டத்துல வர்ற “ஆர்ட்டிகிள்”ங்கிற சொல். இதுக்கு “தயாரிப்பு”ன்னு போடலாம்னு வந்த யோசனையை நான் கட்டாயம் எதிர்க்கிறேன், காரணம் கொலஸ்டின் கேஸ். அரிசியில மொனாஸ்கஸ்ங்கிற பூஞ்சையை வளத்தா அது செக்கச்செவேல்னு ஆயிடும், சீனாவுல சமையலுக்கு நிறம் குடுக்க ரொம்ப காலமா போடுறாங்க (இதை “சிவப்பரிசி”ன்னு எழுதிடாதீங்க, அது நம்ம மாப்பிள்ளை சம்பா மாதிரி அரிசிக்கு ஏற்கெனவே இருக்கிற பேரு, “செம்பூஞ்சை அரிசி” பொருந்தும்). அதுல இருக்கிற மொனாகொலின் கே-யும், கொலஸ்ட்ராலுக்கு டாக்டர் எழுதித் தர்ற லோவாஸ்டாட்டினும் ஒரே மூலக்கூறு. லோவாஸ்டாட்டின் 1987லயே மருந்தா அனுமதி வாங்கிடுச்சு. பார்மனெக்ஸ் கம்பெனி இந்த அரிசியைத்தான் காப்ஸ்யூல்ல அடைச்சு கொலஸ்டின்னு சப்ளிமென்ட்டா வித்துச்சு.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, ஒரு பொருள் உணவாவோ சப்ளிமென்ட்டாவோ சந்தைக்கு வர்றதுக்கு முன்னாடியே மருந்தா அனுமதி வாங்கியிருந்தா, அப்புறம் அதை சப்ளிமென்ட்னு விக்க முடியாது. 1998ல எஃப்டிஏ இதைச் சொல்லி கொலஸ்டினை மருந்துன்னு முடிவு பண்ணுச்சு, கம்பெனி கோர்ட்டுக்குப் போச்சு, 1999ல யூட்டா கோர்ட் கம்பெனி பக்கம் தீர்ப்பு சொல்லிச்சு, 2000ல பத்தாவது வட்டார அப்பீல் கோர்ட் அதைப் புரட்டிப் போட்டுச்சு. சண்டை முழுக்க எதுல தெரியுமா, சட்டத்துல இருக்கிற “ஆர்ட்டிகிள்”னா கம்பெனி சொன்ன மாதிரி டப்பால வர்ற முழு மருந்து மட்டுமா, இல்ல எஃப்டிஏ சொன்ன மாதிரி உள்ள இருக்கிற மூலக்கூறும் அதுல சேருமாங்கிறதுலதான். அந்தச் சொல் ரெண்டுக்கும் இடம் குடுக்குது, அதனால எஃப்டிஏ விளக்கத்தை ஏத்துக்கிறோம்னு அப்பீல் கோர்ட் சொல்லிடுச்சு. நாம “தயாரிப்பு”ன்னு மொழிபெயர்த்தா தமிழ்ல கம்பெனி ஜெயிச்சிரும். “பொருள்”தான் சரி, அதுவும் அதே மாதிரி ரெண்டு பக்கமும் சாயும். இன்கிரீடியன்ட்டுக்கு “உட்பொருள்”னு தனியா வச்சுக்கலாம், மருந்தாவும் உணவுத்துணையாவும் விக்கிறது “இருநிலை உட்பொருள்”. மேல சொன்ன விதிக்கு “மருந்து முந்துவிலக்கு”.

இப்ப எனக்கு இடிக்கிற இடம் அசிட்டைல்சிஸ்டீன். பாரசிட்டமால் அளவுக்கு மீறி போட்டவங்களுக்கு ஆஸ்பத்திரியில குடுக்கிற மாற்றுமருந்து இது, தண்ணியில போட்டா அழுகின முட்டை வாடை அடிக்குமே, அதேதான். 1963லயே அமெரிக்காவுல மருந்தா அனுமதி ஆனது, ஆனா சப்ளிமென்ட்டாவும் பல வருஷமா அங்க கடையில கிடைக்குது. 2020ல ஹேங்ஓவருக்குன்னு சொல்லி வித்த கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பின எஃப்டிஏ, அதுல இது சப்ளிமென்ட்டே கிடையாதுன்னும் எழுதுச்சு. 2022 ஆகஸ்ட்ல பாத்தா, சட்டப்படி இது சப்ளிமென்ட் இல்லதான், ஆனா நோயைக் குணமாக்கும்னு சொல்லாம, மத்த விதிகளை மீறாம வித்தா இப்போதைக்கு நடவடிக்கை எடுக்க மாட்டோம்னு சொல்லிச்சு. இந்த நிலைக்கு சிலர் “விதிவிலக்கு”ன்னு எழுதுறாங்க, அது தப்பு, விதிவிலக்குன்னா விக்கிறவனுக்கு உரிமை கிடைச்ச மாதிரி ஆகுது, இங்க எந்த உரிமையும் கிடைக்கல, எஃப்டிஏ நினைச்சா மறுபடி கை வைக்கலாம். “நடவடிக்கை நிறுத்திவைப்பு”ன்னு நான் எழுதிப் பாத்தேன், நீளமா இருக்கு. சட்டம் படிச்சவங்க யாராவது இதைவிடச் சின்னதா ஒண்ணு குடுத்தீங்கன்னா எல்லாத்தையும் சேத்து விக்சனரியில ஏத்திடலாம்.